ஹேமக்கை இழுத்துக் கட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், வெளியில் போய் இரவு தங்குகிறவர்கள் என்னென்ன வாங்க வேண்டும் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. கூடாரத்துக்கு அரைப் பக்கம், இரண்டு மரத்துக்கு நடுவே தூளி மாதிரி தொங்கவிட்டுப் படுக்கிற ஹேமக்குக்கு நாலே வரி. எத்தனை கிலோ தாங்கும் என்று பார்த்து வாங்குங்கள், இரண்டு மரத்துக்கு நடுவே நன்றாக விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள் என்பதுதான் அந்த நாலு வரியின் சாரம். கோடைக்கு எங்கள் தோப்புக்கு வருகிற சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இதே யோசனையோடுதான் வருகிறார்கள். மறுநாள் காலை இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இதெல்லாம் போட்டோவுக்குத்தான் லாயக்கு, தூங்க ஆகாது என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கிலோ விஷயம். கடையில் விற்கிற எந்த ஹேமக்கை எடுத்தாலும் உறையில் 200 கிலோ, 300 கிலோ, சிலதில் 500 கிலோ என்றுகூட அச்சடித்திருக்கும். நம் வீட்டில் 500 கிலோ ஆள் யாரும் இல்லை. அந்த எண் உங்கள் தூக்கத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. பார்க்க வேண்டியது நீளம். அதே உறையில் சின்ன எழுத்தில் 260க்கு 140 சென்டிமீட்டர், 270க்கு 140 என்று போட்டிருப்பார்கள், அதாவது எட்டரை அடி, ஒன்பது அடி. மதியம் சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் காலாட்டிக்கொண்டு படுக்க இது போதும். ராத்திரி முழுக்கத் தூங்க வேண்டும் என்றால் ஐந்தரை, ஐந்தே முக்கால் அடி உயரமுள்ள ஆளுக்குத் துணியின் நீளம் மட்டும் பத்து, பதினொரு அடி வேண்டும், அகலம் ஐந்து அடிக்குக் குறையக்கூடாது. மோட்டாவாகச் சொன்னால் உங்கள் உயரத்தோடு நாலரை, ஐந்து அடி கூட்டிக்கொள்ளுங்கள். இருவர் படுக்கும் ஹேமக் என்று விற்கிறார்களே, அதை ஒரு ஆளுக்கு வாங்குங்கள். இரண்டு பேர் ஏறினால் எப்படியும் இருவரும் நடுக்குழியில் ஒருவர் மேல் ஒருவர் உருண்டுதான் கிடக்க வேண்டும், அதில் யாரும் தூங்கி நான் பார்த்ததில்லை.

ஏன் இவ்வளவு நீளம் என்றால், அதில் நேராகப் படுக்கக்கூடாது என்பதுதான் விஷயமே. தூளியில் கிடக்கிற குழந்தை வளைந்து கிடக்கும், அதற்கு அது சுகம். பெரிய ஆள் அதே மாதிரி துணியின் நடுக்கோட்டில் நீட்டிப் படுத்தால் தலையும் காலும் மேலே, இடுப்பு கீழே, தோள் இரண்டும் உள்பக்கமாக நெருங்கி, விடியும்போது முதுகு போய்விடும். குறுக்காகப் படுக்க வேண்டும். தலையை நடுக்கோட்டிலிருந்து ஒரு முழம் வலப்பக்கம் தள்ளி, காலை ஒரு முழம் இடப்பக்கம் தள்ளி, மூலைவாட்டில். அப்படிப் படுத்தவுடன் அடியில் துணி விரிந்து கிட்டத்தட்ட சமதளமாக ஆகிவிடும். மெக்சிகோவில் யூகடான் பக்கமும் பிரேசிலின் வடகிழக்கிலும் குடும்பம் குடும்பமாகக் கட்டில் இல்லாமல் ஹேமக்கிலேயே தூங்குகிறவர்கள் எக்கச்சக்கம். அவர்கள் எல்லோரும் இப்படித்தான் குறுக்கே படுக்கிறார்கள், துணியையும் அதற்கேற்ற அகலத்தில் நெய்கிறார்கள். எட்டரை அடித் துணியில் குறுக்கே படுக்க இடம் இருக்காது, அதனால்தான் நீளம் நீளம் என்று அடித்துக்கொள்கிறேன்.

குறுக்கே படுக்க வேண்டும் என்றால் துணி தொய்வாகத் தொங்க வேண்டும். இங்கேதான் உங்கள் கட்டுரை நேர் எதிராகச் சொல்லிவிட்டது. விறைப்பாக இழுத்துக் கட்டினால் சமமாக இருக்கும் என்று தோன்றும், ஆனால் ஏறிப் படுத்தவுடன் இரண்டு ஓரமும் சுவர் போல எழும்பி உங்களைச் சுருட்டிவிடும். ஹேமக்கைத் தொங்கவிட மரத்தில் சுற்றுகிற நாடாப் பட்டை தரையோடு ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில் இருக்க வேண்டும் என்பது இதில் ஊறியவர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்ட கணக்கு. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு, பள்ளியில் படித்த இயற்பியல்தான். 70 கிலோ ஆள் 30 டிகிரி தொய்வில் படுத்தால் ஒவ்வொரு பக்கப் பட்டையிலும் 70 கிலோ இழுவை. 15 டிகிரி ஆக்கினால் 135 கிலோ. 10 டிகிரியில் 200 கிலோ. விறைப்பாக இழுத்து 5 டிகிரிக்குக் கொண்டுவந்தால் ஒவ்வொரு பக்கமும் 400 கிலோ! அந்த 500 கிலோ எழுத்து அப்போதுதான் உங்களுக்குத் தேவைப்படும், அதுவும் துணிக்கு மட்டும். கூடவே இலவசமாகக் கொடுக்கிற கொக்கிக்கும் கயிற்றுக்கும் யார் பொறுப்பு?

என் நாத்தனார் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். போன வருஷம் இணையத்தில் ஒன்று வாங்கி வந்து, நண்பனையும் கூட்டிக்கொண்டு, இரண்டு பேருமாகச் சேர்ந்து லாரியில் சரக்குக் கட்டுகிற மாதிரி இழுத்துக் கட்டினார்கள். ஏறி உட்கார்ந்தான், நைலான் கயிறு மெதுவாக நீண்டுகொண்டே போய் ஐந்து நிமிஷத்தில் பின்பக்கம் தரையைத் தொட்டுவிட்டது. மறுபடி அவிழ்த்து இன்னும் இழுத்தான். நான்தான் போய்க் கயிற்றை எடுத்துப் போட்டுவிட்டு, வளையம் வளையமாகத் தைத்த பாலியஸ்டர் பட்டையைக் கொடுத்து, மரத்தில் என் தலை உயரத்துக்குச் சுற்றச் சொல்லி, துணியின் நடுப்பகுதி நாற்காலி உயரத்தில் வரும் வரை வளையத்தை மாற்றி மாற்றி மாட்டவைத்தேன். கால் பக்கத்தை மட்டும் தலைப் பக்கத்தைவிட ஒரு சாண் உயர்த்தினோம், இல்லாவிட்டால் தூக்கத்தில் வழுக்கி வழுக்கி நடுவுக்கு வந்து உடம்பு மடங்கிவிடும். அத்தை, இது தளர்ந்து தொங்குதே என்றான். சரி, நீ குறுக்கே படு என்றேன். கெண்டைக்காலுக்கு அடியில் துணி ஒரு வரம்பு மாதிரி உறுத்துகிறது என்று புகார். காலை இன்னும் ஒரு சாண் ஓரத்துக்குத் தள்ளச் சொன்னேன், உறுத்தல் போய்விட்டது. முழங்கால் ரொம்ப நீண்டு இழுக்கிற மாதிரி இருந்தால் அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் போதும். அப்புறம் அவனிடமிருந்து புகார் எதுவும் வரவில்லை, குறட்டைதான் வந்தது.

ஒவ்வொரு தடவையும் இந்தச் சாய்வை அளந்துகொண்டிருக்க முடியாது என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஹேமக்கின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு, துணிக்கு மேலாக, நீளாத மெல்லிய கயிறு ஒன்றை நிரந்தரமாகக் கட்டிவிடுங்கள். துணி நீளத்தில் 83 சதவீதம் என்பது பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவருகிற அளவு, பதினொரு அடித் துணிக்கு ஒன்பது அடி இரண்டு அங்குலம். மரங்கள் பன்னிரண்டு அடி தள்ளி இருந்தாலும் பதினைந்து அடி தள்ளி இருந்தாலும் துணியின் தொய்வு மாறாது, முதல் நாள் எந்தத் தொய்வில் தூக்கம் வந்ததோ அதே தொய்வு எங்கே போனாலும் கிடைக்கும். கொசுவலையைத் தொங்கவிடவும், கண்ணாடி, டார்ச் மாட்டவும் அதே கயிறு. இது ஒரு பைசா பெறாத விஷயம், ஆனால் நான் பார்த்த எந்த விளம்பரத்திலும் இதைச் சொல்லவில்லை.

பட்டை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். குறைந்தது ஒரு அங்குல அகலம், இரண்டு அங்குலம் என்றால் இன்னும் நல்லது. மெல்லிய கயிறு மரப்பட்டைக்குள் இறங்கி அறுக்கும். மரத்துக்குச் சாப்பாடு ஓடுகிற பாதை அந்த மரப்பட்டைக்கு அடியில்தான் இருக்கிறது. நாம் ஒரு ராத்திரி தூங்கிவிட்டுப் போய்விடுவோம், அடுத்தடுத்து வருகிறவர்கள் எல்லோரும் அதே இரண்டு மரத்தில் கயிறு கட்டினால் மரம் என்ன ஆகும்? நைலான் ஈரத்தில் தொய்யும், பாலியஸ்டர் அவ்வளவாகத் தொய்யாது, அதனால் பட்டைக்குப் பாலியஸ்டர். படுக்கும் துணிக்கு நைலான் மெத்தென்று இருக்கும், மடித்தால் ஒரு தேங்காய் அளவுப் பைக்குள் அடங்கும், நனைந்தாலும் சீக்கிரம் காயும். பருத்தி உடம்புக்கு இதம்தான், ஆனால் பனியை உறிஞ்சிக்கொண்டு மறுநாள் மதியம் வரை காயாது, கனமும் அதிகம். வீட்டு வராந்தாவுக்குப் பருத்தி வாங்குங்கள்.

கட்டுரையோடு போட்டிருந்த படத்தில் இரண்டு முனையிலும் கட்டை வைத்து விரித்த ஹேமக் இருந்தது. பார்க்க அழகு. கட்டை இருப்பதால் துணி தட்டையாக, விறைப்பாக நிற்கும், உடம்பின் கனம் மேலே ஏறிவிடும், தூக்கத்தில் ஒரு புரண்டால் ஆளைக் கவிழ்த்துவிடும். கட்டையில்லாமல் முனையில் துணியைச் சேர்த்துச் சுருக்கிய ஹேமக்கில் உடம்பு துணிக்குள் இறங்கி உட்காருவதால் அவ்வளவு லேசில் கவிழாது. கயிற்று வலையாக இருக்கிற கடற்கரை ரகமும் ராத்திரிக்கு ஆகாது, உடம்பெல்லாம் கட்டம் கட்டமாகத் தழும்பு விழும், சட்டைப் பொத்தான் வேறு மாட்டிக்கொள்ளும்.

மரத்துக்கு வருவோம். பொள்ளாச்சிக்காரி சொல்கிறேன், தென்னையில் கட்டாதீர்கள். தோப்பு என்றாலே இரண்டு தென்னைக்கு நடுவே ஹேமக் என்றுதான் எல்லோர் மனதிலும் படம் ஓடுகிறது. காய்ந்த மட்டை எப்போது விழும் என்று தோப்புக்காரருக்கே தெரியாது, முற்றிய காய் நாற்பது அடி உயரத்திலிருந்து வந்தால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை. காய் வெட்டி மட்டையும் கழித்த அன்றைக்கு, அதுவும் மேலே யாரையாவது ஏற்றிப் பார்க்கச் சொல்லிவிட்டு வேண்டுமானால் படுங்கள். முருங்கை பற்றிச் சொல்லவே வேண்டாம். தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக்கும் தைல மரமும் காற்றில் கிளையை முறித்துப் போடும். மா, புளி, வேம்பு நல்லவை, அடிமரத்தின் குறுக்களவு ஆறு அங்குலத்துக்குக் குறையாமல், உயிரோடு இருக்கிற மரமாக. கட்டுவதற்கு முன்னால் அண்ணாந்து ஒரு தடவை மேலே பார்த்துவிடுங்கள், பட்டுப்போன கிளை ஏதாவது தொற்றிக்கொண்டிருக்கிறதா என்று. (புளியமரத்தடியில் ராத்திரி படுக்கக்கூடாது என்று என் மாமியார் சொல்வார், அவர் சொல்லும் காரணத்தை இங்கே எழுதினால் நீங்கள் வெளியிட மாட்டீர்கள்.) மாமரத்தில் இலைகளை ஒட்டித் தைத்த மாதிரி பச்சைக் கூடு தெரிந்தால் அது முசுறு எறும்பு. பட்டை வழியாக வரிசையாக இறங்கி நேராகக் கழுத்துக்கு வரும், வேறு மரம் பாருங்கள்.

மரமே இல்லாத வீடுகளில் மாடிக் கைப்பிடிச் சுவர், வாசல் தூண் என்று கட்டுகிறார்கள். செங்கல் தூண் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கக் கட்டியது, பக்கவாட்டில் இழுத்தால் அடியோடு சாயும். வெளிநாடுகளில் குழந்தைகள் ஹேமக்கில் ஆடும்போது இப்படித் தூண் விழுந்து இறந்திருக்கிறார்கள். மேலே சொன்ன 400 கிலோ கணக்கை இங்கே ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட் தூணா என்று கட்டிய மேஸ்திரியிடம் கேட்காமல் கட்டாதீர்கள்.

அடுத்தது குளிர். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஆனால் மலையில் ஹேமக்கில் படுத்தவர்கள் பாதி ராத்திரியில் எழுந்து காருக்குள் போய்ப் படுப்பதற்கு இதுதான் காரணம். ஸ்லீப்பிங் பேக் வெதுவெதுப்பாக இருப்பது அதன் பஞ்சுக்குள் சிறைப்பட்ட காற்றால். உங்கள் முதுகுக்கு அடியில் அந்தப் பஞ்சு நசுங்கிவிடுகிறது, கீழேயிருந்து காற்று வீசி உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. மேலே இரண்டு கம்பளி போர்த்தினாலும் இடுப்புக்குக் கீழே பனிக்கட்டி வைத்த மாதிரி இருக்கும். 20 டிகிரியிலேயே பலருக்கு இது உறைக்கத் தொடங்கிவிடும். கொடைக்கானலில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் பத்து டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம், ஊட்டியில் உறைபனியே விழும். இதற்கென்று அண்டர்குயில்ட் என ஒன்று உண்டு, ஹேமக்குக்கு வெளியே அடியில் ஒட்டினாற்போலத் தொங்குகிற மெத்தை, உடம்பு அதன் மேல் அழுத்தாததால் பஞ்சு நசுங்காது. நம் ஊர்க் கடைகளில் நான் பார்த்ததில்லை. அது இல்லாவிட்டால் மூடிய அறைகள் கொண்ட ஃபோம் பாய், யோகாவுக்கு விரிக்கிறோமே அதே ரகம், கொஞ்சம் அகலமாக வாங்கி உள்ளே போடுங்கள். அது வழுக்கி வழுக்கிப் போகும் என்பதால் இரட்டைத் துணி வைத்த ஹேமக் வாங்கி, இரண்டு துணிக்கு நடுவே பாயைச் செருகிவிட்டால் நகராது. எனக்கு இரட்டைத் துணி பிடிக்கக் காரணம் இன்னொன்றும் இருக்கிறது: ஒற்றை நைலான் துணி வழியாகக் கொசு அடியிலிருந்தே கடித்துவிடும். மேலே வலை போட்டு மூடிக்கொண்டு, முதுகெல்லாம் தடிப்போடு எழுந்து, வலையில் ஓட்டை இருக்கிறது என்று தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மழைக்குத் தார்ப்பாய் எல்லோருக்கும் தெரியும். ஹேமக்கைவிட இரண்டு பக்கமும் அரை அடியாவது நீண்டிருக்க வேண்டும், காற்றடிக்கிற பக்கம் தாழ்வாக. தெரியாதது என்னவென்றால், மரத்தில் வழிகிற தண்ணீர் பட்டை வழியாகவே நடந்து வந்து தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிற துணிக்குள் இறங்கும். பட்டையில், தார்ப்பாய்க்கு உள்பக்கமாக, ஒரு சின்ன நூல் துண்டை முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். பழைய ஷூ லேஸ் போதும்.

ஆடிக்கொண்டே தூங்கினால் ஆழ்ந்த தூக்கம் வரும் என்று விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள் என்றும் ஒரு வரி பார்த்தேன். ஜெனீவா பல்கலைக்கழகத்தில் 2011-ல் பன்னிரண்டு பேரை வைத்துச் செய்த ஆய்வு உண்மைதான், மெதுவாக அசைகிற படுக்கையில் அவர்கள் சீக்கிரம் தூங்கினார்கள். ஆனால் அது மோட்டார் வைத்து ஒரே சீராக அசைத்த கட்டில், 45 நிமிஷ மதியத் தூக்கம். 2019-ல் பதினெட்டுப் பேரை இரவு முழுக்க அசைத்துப் பார்த்ததும் கட்டில்தான். ஹேமக் நீங்கள் ஏறின இரண்டாவது நிமிஷம் நின்றுவிடும். அதை நம்பி வாங்க வேண்டாம், முதுகுக்குச் சுகம் என்று வாங்குங்கள்.

எங்கே கட்டுவது என்பதையும் எழுதியிருக்கலாம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம், குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததற்குப் பிறகும் அதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பது வருத்தம். வனத்துறை 2024-ல் நாற்பது மலையேற்றப் பாதைகளுக்கு இணையத்தில் பதிவு வைத்திருக்கிறது, நடக்க ஆசை என்றால் அதில் போகலாம், நடக்கக் கிடைத்த அனுமதி ராத்திரி படுக்கக் கிடைத்த அனுமதி ஆகாது. எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற வால்பாறையில் தேயிலைக்குள் யானையும் சிறுத்தையும் ராத்திரி நடமாடுகின்றன, அங்கே திறந்தவெளியில் ஹேமக் கட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் காசு கொடுக்காதீர்கள். கொடைக்கானலில் ஊருக்குள்ளேயே காட்டெருமை வருகிறது. வேலி போட்ட, ஆள் இருக்கிற தனியார் இடம், தெரிந்தவர் தோட்டம், ஏலகிரி, ஏற்காடு பக்கத்து முகாம்கள், இவை போதும்.

கடைசியாக, ஹேமக் எல்லோருக்கும் ஒத்துவராது. ஒருக்களித்துப் படுப்பவர்கள் குறுக்கே படுத்தபடி சமாளித்துக்கொள்ளலாம். தண்டுவடத்தில் ஏற்கெனவே பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஏறட்டும். குப்புறப் படுத்தால்தான் தூக்கம் வரும் என்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். எங்கள் வீட்டுக்காரர் அந்த ரகம், அவருக்குத் தோப்பில் கயிற்றுக் கட்டில்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பொள்ளாச்சி